பிரெஞ்சு வீட்டுப்பாடத்தில் எதுவரை உதவி, எங்கிருந்து மோசடி?

ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. பத்தாம் வகுப்பில் பிரெஞ்சு படிக்கும் அவருடைய மகள், போன வார இறுதியில் என்ன செய்தாள் என்று ஒரு பத்தி எழுதி ஆன்லைனில் சமர்ப்பித்திருக்கிறாள். "மொழிபெயர்ப்புக் கருவி பயன்படுத்தப்பட்டிருக்கிறது" என்ற ஒரு வரிக் குறிப்போடு பூஜ்யம் வந்திருக்கிறது. சில இடங்களில் மட்டும்தான் பார்த்தேன் என்கிறாள் மகள். அகராதி பார்க்கலாம் என்றால் இதைப் பார்ப்பது மட்டும் ஏன் தப்பு, ஆன்லைன் வீட்டுப்பாடத்தில் பள்ளி எதைத்தான் எதிர்பார்க்கிறது, இப்போது என்ன செய்வது என்று கேட்கிறார்.

நான் உயர்நிலை வகுப்புகளுக்குப் பல வருஷமாகப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து வருகிறேன். இந்தக் கேள்வி இப்போது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். எந்தக் கருவியும் தன்னளவில் மோசடி கிடையாது. ஒரு பயிற்சி எந்த வேலையைச் செய்து பழகச் சொல்கிறதோ, அந்த வேலையையே கருவியிடம் கொடுத்துவிட்டால்தான் அது நேர்மையில்லாத வேலை. வேறு எதற்காவது கருவியைப் பயன்படுத்தினால் அது உதவி. அதனால் ஒரே கருவி திங்கட்கிழமை வீட்டுப்பாடத்தில் சரியாகவும் செவ்வாய்க்கிழமை வீட்டுப்பாடத்தில் தவறாகவும் இருக்கலாம். ஒரு கட்டுரையைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பயிற்சியில் தெரியாத நாலு சொல்லை அகராதியில் பார்ப்பது தப்பே இல்லை. அதே நாலு சொல்லின் பொருளைச் சூழலை வைத்து ஊகித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால், அகராதியைத் திறந்ததுமே பயிற்சி முடிந்துபோகிறது.

உங்கள் மகளுக்கு வந்த பயிற்சி, கடந்த காலத்தில் நடந்ததை வாக்கியமாகக் கட்டச் சொல்லும் பயிற்சி. அங்கே ஒரு பெயர்ச்சொல்லைத் தேடினால் உதவி. முழு வாக்கியத்தை ஆங்கிலத்திலோ தமிழிலோ தட்டி, பிரெஞ்சாக எடுத்து ஒட்டினால், கேட்ட வேலையைக் கருவி செய்துவிட்டது. அவள் "சில இடங்களில் மட்டும்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்த இடங்களில் சொல்லைப் பார்த்தாளா, வாக்கியத்தையே எடுத்தாளா என்பதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிரட்டாமல் கேளுங்கள்.

ஆசிரியர் எப்படிக் கண்டுபிடித்தார் என்ற கேள்வியும் உங்களுக்குள் இருக்கும். அதை ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன். பத்தாம் வகுப்பு நிலையில் ஒரு மாணவி தானாக எழுதினால் அநேகமாக இப்படித்தான் வரும்: "சம்தி, ஜெ ஸ்வீ அலே ஓ சினெமா அவெக் மா சேர். லெ ஃபில்ம் எ த்ரே போன் மே லோங்." சனிக்கிழமை அக்காவோடு சினிமாவுக்குப் போனேன், படம் ரொம்ப நல்லா இருக்கு ஆனால் நீளம், என்று பொருள். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு பிழை இருக்கிறது. படம் எப்படி இருந்தது என்று கடந்த கால நிலையைச் சொல்ல 'அம்பர்ஃபே' என்ற காலத்தைப் போட்டு "எத்தே" என்று எழுதியிருக்க வேண்டும். அவள் நிகழ்காலத்தில் "எ" என்று விட்டுவிட்டாள்.

இந்தப் பிழை எனக்கு எவ்வளவு விஷயம் சொல்கிறது தெரியுமா? 'போனேன்' என்பதற்கு வேண்டிய 'பஸே கொம்போஸே', அதாவது நடந்து முடிந்த செயலைச் சொல்லும் கடந்த காலம், அவளுக்கு வந்துவிட்டது. அதிலும், பெரும்பாலான வினைகள் 'அவ்வார்' என்ற துணைவினையை எடுக்கும்போது 'போ' என்று பொருள்படும் 'அலே' போன்ற சில வினைகள் 'ஏத்ர்' எடுக்கும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. நடந்த செயலுக்கு ஒரு காலம், அப்போது இருந்த நிலைக்கு இன்னொரு காலம் என்ற பிரிவு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஆக, நாளைய வகுப்பில் நான் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று அந்த இரண்டு வரி எனக்குச் சொல்லிவிட்டது.

அதே பத்தியைக் கருவி எழுதினால் இப்படி வரலாம்: "பியன் கெ லெ ஃபில்ம் ஏ எத்தே அன் பெ லோங், நூஸாவோன் பாஸே அன் எக்ஸலான் மொமான்." படம் கொஞ்சம் நீளமாக இருந்தபோதிலும் அருமையாகப் பொழுது போயிற்று என்று பொருள். அழகான வாக்கியம், ஒரு பிழையும் இல்லை. ஆனால் 'இருந்தபோதிலும்' என்ற பொருளில் 'பியன் கெ' வந்தால் பின்னால் சப்ஜங்டிவ் என்ற தனி வினை வடிவம் வர வேண்டும், அதுவும் இங்கே கடந்த கால சப்ஜங்டிவ். பத்தாம் வகுப்புப் பாடத்தில் அது வழக்கமாக எட்டிக்கூடப் பார்க்காது. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகம் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் வகுத்திருக்கிறது. அதில் ஏ2 நிலை மாணவர், 'மற்றும்', 'ஆனால்', 'ஏனென்றால்' போன்ற எளிய இணைப்புகளால் சின்னச் சின்ன வாக்கியங்களைக் கோப்பவர். பிரெஞ்சில் 'எ', 'மே', 'பார்ஸ்க' என்ற மூன்றும்தான் அவருக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். அந்த மூன்றை மட்டும் வைத்து நேற்றுவரை எழுதியவர் இன்று 'பியன் கெ' எழுதினால் எந்த ஆசிரியரின் கண்ணும் அங்கே நின்றுவிடும்.

இது சமீபத்தில் வந்த மாற்றம். கூகுள் டிரான்ஸ்லேட் 2006-ல் வந்தபோது அது கொடுத்த பிரெஞ்சு கோணல்மாணலாக இருக்கும், அந்தக் கோணலை வைத்தே அடையாளம் தெரியும். 2016-ல் அது, முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்து மொழிபெயர்க்கும் நியூரல் முறைக்கு மாறியது. அடுத்த ஆண்டு டீப்எல் என்ற இன்னொரு மொழிபெயர்ப்புக் கருவி வந்தது, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது பிழை இல்லாமைதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. பிரெஞ்சில் நம் நீ, நீங்கள் போலவே 'த்யூ', 'வூ' என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் தட்டி எடுக்கும்போது நெருங்கிய தோழிக்கு எழுதும் கடிதத்தில் திடீரென்று 'வூ' வந்து நிற்கும். எழுதுவது பெண் என்று கருவிக்குத் தெரியாது, 'போனேன்' என்பதை ஆண்பால் வடிவத்திலேயே கொடுத்துவிடும். பெண் எழுதினால் அந்தச் சொல்லின் கடைசியில், உச்சரிப்பில் கேட்காத ஓர் எழுத்து கூடுதலாகச் சேர வேண்டும். குரல் பதிவு என்றால் இன்னும் தெளிவு. எழுதி வைத்ததை மாணவி வாசிக்கும்போது, தனக்குத் தெரியாத சொல் வரும் இடத்தில் கடைசி மெய்யெழுத்துகளையெல்லாம் அழுத்தி உச்சரிப்பாள். பிரெஞ்சில் அவற்றில் பெரும்பாலானவை ஒலிக்கவே கூடாது.

ஆனால் கவனியுங்கள், இவற்றில் ஒன்றுகூட நிரூபணம் இல்லை. தோழிக்கு 'வூ' போடுவது ஆரம்ப மாணவர்களே செய்யும் பிழை. பெண்பால் எழுத்தை விடுவதும் அப்படித்தான். 'பியன் கெ' ஒரு பாட்டில் கேட்டதாகவும் இருக்கலாம், வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவர் சொல்லிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் மாணவரிடம் பேசுவதற்கு அது காரணம். பேசாமலே பூஜ்யம் போட அது போதாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கண்டறியும் மென்பொருள்களை நம்பித் தண்டிப்பதை நான் அதைவிடக் கடுமையாக எதிர்க்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இயந்திர எழுத்தைக் கண்டறிய 2023 ஜனவரியில் ஒரு கருவி வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அவை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொல்லின. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மொழி கற்பவர் குறைந்த சொற்களை வைத்து, எதிர்பார்க்கக்கூடிய வரிசையில் எழுதுவார். எளிதில் ஊகிக்க முடிகிற எழுத்தைத்தான் அந்தக் கருவிகள் இயந்திர எழுத்து என்று எடுத்துக்கொள்கின்றன. ஆய்வு ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் ஐம்பது வினைச்சொற்களை வைத்து எழுதும் பிரெஞ்சு மாணவிக்கும் அதே ஆபத்து இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, ஆன்லைன் வீட்டுப்பாடத்தில் பள்ளி என்னதான் எதிர்பார்க்கிறது? 'வீட்டுப்பாடம்' என்று ஒரே சொல்லால் சொன்னாலும் உள்ளே பல வகை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்ப்பு வேறு.

தானாகவே திருத்திக்கொள்ளும் பயிற்சிகள் இருக்கின்றனவே, கோடிட்ட இடத்தை நிரப்புவது, வினையை மாற்றி எழுதுவது, அவற்றின் நோக்கம் நினைவிலிருந்து எடுத்துப் பழகுவது. 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. வினை வடிவ அட்டவணையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து நிரப்பினால் முழு மதிப்பெண் வரும், ஆனால் மனதில் எதுவும் ஏறாது. அட்டவணை பார்ப்பது பெரும்பாலான வகுப்புகளில் விதிமீறல் இல்லை. முதலில் பார்க்காமல் ஒரு தடவை, அப்புறம் பார்த்து ஒரு தடவை என்று செய்யச் சொல்லுங்கள். பல தளங்கள் இரண்டு மூன்று முயற்சிகளை அனுமதிப்பது இதற்காகத்தான். முயற்சிகளை ஊகித்து ஊகித்துச் செலவழிப்பதில் பயனில்லை. அது மட்டுமல்ல, எந்தக் கேள்வியில் எத்தனை நேரம், எத்தனை முயற்சி என்று ஆசிரியரின் திரையில் தெரியும் வசதியும் பல தளங்களில் உண்டு.

இந்தப் பயிற்சிகளில் மாணவர்கள் நியாயமாகவே கோபப்படும் விஷயம் எழுத்தின் மேல் வரும் குறிகள். 'சாப்பிடுகிறான்' என்பதற்கும் 'சாப்பிட்ட' என்பதற்கும் கடைசி எழுத்தின் மேலுள்ள ஒரு சாய்கோடுதான் வித்தியாசம். 'அல்லது' என்பதற்கும் 'எங்கே' என்பதற்கும் அப்படியே. அதனால் குறி விட்டுப்போனால் தளம் தப்பு போடுவது சரிதான். கைபேசியில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் குறிகள் வரும், கணினியில் பிரெஞ்சு அல்லது சர்வதேச விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வாரமே இதைப் பழக்கிவிட்டால் வருஷம் முழுக்க மதிப்பெண் வீணாகாது. ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 1990 டிசம்பரில் வெளியான எழுத்துச் சீர்திருத்தம் சில சொற்களில் கூரைபோல் வரும் குறியை விட்டு எழுதலாம் என்றது. பழைய வடிவமும் சரி, புதிய வடிவமும் சரி. தளத்தின் விடைத்தாளில் ஒன்று மட்டும் இருந்தால் இன்னொன்றுக்குத் தப்பு விழும். அப்படி நடந்தால் திரையைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். அது குறை சொல்வதாகாது, மாணவர் கவனமாகப் படிக்கிறார் என்பதற்கு அடையாளம் அது.

சொல்வளப் பயிற்சிக்கு அட்டைகள் வைத்துப் படிப்பது நல்ல பழக்கம். இப்படி அட்டை வைத்துப் படிக்க உதவும் குவிஸ்லெட் தளமே பிரெஞ்சு வகுப்பிலிருந்து பிறந்ததுதான். 2005-ல் ஆண்ட்ரூ சதர்லாந்து என்ற பதினைந்து வயது மாணவர், விலங்குகளின் பிரெஞ்சுப் பெயர்களை மனப்பாடம் செய்ய எழுதிய நிரல் அது. அங்கே போய்த் தானே அட்டை தயாரித்துப் படிப்பது மிக நல்லது. அதே மாதிரித் தளங்களில் முந்தைய மாணவர்கள் பயிற்சிப் புத்தகத்தின் விடைகளை ஏற்றி வைத்திருப்பதும் உண்டு. அதைப் பார்த்து நிரப்புவது நகல், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

கேட்டல் பயிற்சியில் ஒரே விஷயம். காணொளிக்குக் கீழே ஓடும் பிரெஞ்சு எழுத்துகளைப் போட்டுக்கொண்டு கேட்டால் அது படித்தல் பயிற்சியாகிவிடும். முதலில் எழுத்து இல்லாமல் இரண்டு முறை கேட்டுப் பதில் எழுதிவிட்டு, பிறகு எழுத்தைப் போட்டுச் சரிபார்க்கலாம். பிரெஞ்சு மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வின் ஏ2 நிலையிலும் இரண்டு முறைதான் கேட்கக் கிடைக்கும்.

எழுதும் பயிற்சிதான் கடினமான இடம், உங்கள் மகள் சிக்கியதும் அங்கேதான். நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் வழி இது. முதல் வரைவை எதையும் திறக்காமல் கையால் எழுத வேண்டும். தெரியாத சொல் வந்தால் அந்த இடத்தில் தமிழிலேயே எழுதிவிட்டு மேலே போய்விட வேண்டும். முடித்த பிறகு தமிழில் விட்ட சொற்களை மட்டும் அகராதியில் தேட வேண்டும். வேர்ட்ரெஃபரன்ஸ், லாரூஸ் போன்ற அகராதிகளில் ஒரு சொல்லுக்கு ஐந்தாறு பொருள் வரும், எது தன் வாக்கியத்துக்குப் பொருந்தும் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தேர்வில்தான் படிப்பு நடக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவி அந்தத் தேர்வையும் செய்து கொடுத்துவிடுவதால்தான் அகராதி வேறு, அது வேறு என்று நாங்கள் பிரிக்கிறோம்.

இன்னொரு சிக்கல், நம் பிள்ளைகள் தமிழில் நினைத்து ஆங்கிலத்துக்கு மாற்றி அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போகிறார்கள். பல இடங்களில் இந்தச் சுற்றுவழியே தேவையில்லை. 'மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். பிரெஞ்சும் நிகழ்காலத்தில்தான் சொல்லும்: "ஜபித் இசி தெப்வீ த்ருவா ஸான்." ஆங்கிலம் வழியாகப் போகிறவர் இதைக் கடந்த காலத்தில் எழுதித் தப்புப் பண்ணுவார். அந்தத் தப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அது மாணவர் தானாக யோசித்து எழுதியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, இன்றைய மொழிபெயர்ப்புக் கருவிகள் அந்தத் தப்பை அநேகமாகச் செய்வதில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிக் கேட்டால், தடை போட்டால் ஒழிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பத்தியை எழுதிக் கொடு என்று கேட்பது கூடாது. தான் எழுதிய பத்தியைக் கொடுத்து "எந்தெந்த வரியில் பிழை இருக்கிறது என்று மட்டும் சொல், திருத்தாதே" என்று கேட்டு, பிறகு தானே திருத்துவது நல்ல பயிற்சி. "ஏ2 நிலையில் என்னிடம் பிரெஞ்சில் பத்துக் கேள்வி கேள்" என்பதும் நல்லது. இலக்கண விளக்கம் கேட்டால் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அந்தக் கருவிகள் சில சமயம் தவறான விதியை மிக நம்பிக்கையோடு சொல்லும். ஆசிரியர் இதையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். எங்கே கோடு போடுவது என்பது அந்தப் பயிற்சியைக் கொடுத்தவரின் உரிமை.

மனிதர்களின் உதவிக்கும் இதே அளவுகோல்தான். டியூஷன் ஆசிரியர் பத்தியைத் திருத்தி எழுதிக் கொடுத்தால், மாமா பிரான்ஸில் இருக்கிறார் என்று அவரிடம் அனுப்பி வாங்கினால், அது மொழிபெயர்ப்புக் கருவியிலிருந்து எந்த விதத்திலும் வேறில்லை. பெற்றோர்கள் இதை உதவி என்றே நினைக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். தோழிகள் இருவர் போனில் பேசிக்கொண்டே செய்வதும் அப்படித்தான். என்ன எழுதலாம் என்று பேசலாம், வாக்கியத்தை அவரவர்தான் எழுத வேண்டும்.

வாங்கிய உதவியைச் சொல்லிவிடுவது பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். பத்தியின் கீழே இரண்டு வரி போதும்: இந்தந்தச் சொற்களை அகராதியில் பார்த்தேன், இந்த வாக்கியத்தை அக்காவிடம் கேட்டுத் திருத்தினேன். பல நாட்டுப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் நடத்தும் இன்டர்நேஷனல் பாக்கலரியேட் அமைப்புகூட 2023-ல் சாட்ஜிபிடியைத் தடை செய்யவில்லை, எடுத்ததை எடுத்தேன் என்று குறிப்பிட வேண்டும் என்றுதான் சொன்னது. அந்த இரண்டு வரி இருக்கும் பத்தியில் 'பியன் கெ' வந்தாலும் எனக்குச் சந்தேகம் வராது. எப்படிக் கற்றாய் என்று ஆர்வத்தோடு கேட்பேன்.

இவ்வளவும் மாணவர் பக்கம். ஆசிரியர் பக்கமும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் கருவியிடம் போவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல, பயத்தால். ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் குறைத்தால், ராத்திரி பதினோரு மணிக்கு நாலு பாட வேலையை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை பிழையில்லாத வாக்கியத்தைத் தேடித்தான் போகும். வீட்டில் எழுதுவதற்கு, முயன்று எழுதினால் முழு மதிப்பெண் என்று வைத்துவிட்டு, துல்லியத்தை வகுப்பில் கையால் எழுதும்போது அளந்தால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி போய்விடும். ஒவ்வொரு வேலையின் தலைப்பிலும் 'இதற்கு அகராதி உண்டு, மொழிபெயர்ப்புக் கருவி இல்லை' என்று ஒரு வரி எழுதவும் வேண்டும். வருஷ ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கிய நேர்மைப் படிவம் எட்டு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

பெற்றோர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும்போது மறந்துவிடும் ஒன்று, தேர்வறையில் என்ன கிடைக்கும் என்பது. டெல்ஃப் ஏ2 எழுத்துத் தேர்வில் முக்கால் மணி நேரத்தில் இரண்டு சிறு பத்திகள், ஒவ்வொன்றும் குறைந்தது அறுபது சொல். அகராதி கிடையாது, போன் கிடையாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். நூற்றுக்கு 50 எடுத்தால் தேர்ச்சிதான், ஆனால் ஏதாவது ஒரு பகுதியில் 5-க்குக் கீழே போனால் மொத்தமும் போச்சு. வீட்டுப்பாடத்தில் வருஷம் முழுக்க நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை அங்கே வெற்றுத் தாளைப் பார்த்து அழுவதைக் காணும்போது மனசு ரொம்பக் கஷ்டப்படும்.

இப்போது உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் வாக்கியங்களை எடுத்து ஒட்டியிருந்தால், ஆசிரியரிடம் அவளே போய்ச் சொல்ல வேண்டும், நீங்கள் போய்ச் சொல்லக் கூடாது. எந்தெந்த வாக்கியம் என்று காட்டி, இதே தலைப்பில் உங்கள் முன்னால் மறுபடி எழுதுகிறேன் என்று கேட்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், இப்படி வந்து நிற்கும் பிள்ளையிடம் கடுமை காட்டும் ஆசிரியர்கள் மிகக் குறைவு.

அவள் சொற்களை மட்டுமே பார்த்திருந்தால், இருக்கும் ஆதாரங்களைத் திரட்டுங்கள். கையால் எழுதிய வரைவு இருந்தால் நல்லது. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் அதன் திருத்த வரலாறு, பத்தி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது, எங்கே அடித்து எழுதினாள் என்று நிமிடக் கணக்கில் காட்டும். அதோடு ஆசிரியரிடம் ஐந்து நிமிடப் பேச்சு நேரம் கேளுங்கள். அந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏன் இந்தக் காலம், ஏன் இந்தத் துணைவினை என்று அவள் விளக்கட்டும், அப்புறம் அதே வார இறுதியைப் பற்றி அவர் பிரெஞ்சில் இரண்டு கேள்வி கேட்கட்டும். தடுமாறினாலும் பரவாயில்லை, தானாக எழுதியவரின் தடுமாற்றம் எப்படி இருக்கும் என்று பிரெஞ்சு ஆசிரியருக்குத் தெரியும். கடிதத்தில் வாதம் வேண்டாம். "பத்தியை அவள் எப்படி எழுதினாள் என்பதை உங்களிடம் நேரில் விளக்க ஒரு வாய்ப்பு வேண்டும்" என்ற அளவில் மரியாதையாக எழுதுங்கள். அடுத்த வேலைகளில் எந்தக் கருவிக்கு அனுமதி, எதற்கு இல்லை என்று எழுத்தில் தரும்படியும் அதிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், அல்லது பேசவே மறுத்தால், வரைவையும் திருத்த வரலாற்றையும் எடுத்துக்கொண்டு மொழிப் பாட ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள்.